ஜோகூரின் மேய்ச்சல் நிலங்களும் ஆக்கிரமிப்புத் தாவரங்களும்

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜோகூரில் பெரும்பரப்பில் இயற்கையான புல்வெளி இருந்ததில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அதுவும் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் மழை. நீண்ட கோடையும் இல்லை, உறைபனியும் இல்லை. இத்தகைய மண்ணை யாரும் தொடாமல் விட்டால் கடைசியில் அங்கே நிற்பது காடுதான். மேட்டு நிலங்களில் மெராந்தி, கெருயிங், காப்பூர் முதலிய டிப்டெரோகார்ப் மரங்கள்; தாழ்ந்த இடங்களில் நன்னீர்ச் சதுப்புக் காடு; கடலோரத்தில் அலையாத்திக் காடு. மேய்ச்சல் நிலம் என்று இன்று அங்கே காணப்படுவது எல்லாம் மனிதன் மரத்தை அகற்றித் திறந்துவிட்ட நிலமே. குளுவாங்கில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணையின் விதைப்புற்கள், செம்பனை வரிசைகளுக்கு இடையே வளரும் பச்சை, ஆற்றங்கரைகள், மின்கம்பிப் பாதைகளின் அடிநிலம், கைவிடப்பட்ட தோட்டங்கள் என்று அவை சிதறிக் கிடக்கின்றன.

ஆக்கிரமிப்புத் தாவரங்களின் கதை இந்தத் திறப்பிலிருந்துதான் தொடங்குகிறது. மூடிய மழைக்காட்டின் தரையை வந்தடைவது மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. அந்த இருட்டில் முளைத்துக் காத்திருக்கத் தெரிந்த செடிகள் வேறு. வெட்டவெளி வெயிலில் வேகமாக ஓடிப் பரவத் தெரிந்த செடிகள் வேறு. ஜோகூரின் காட்டுச் செடிகளில் பெரும்பாலானவை முதல் வகை. வெயிலுக்கென்றே பழகிய இரண்டாம் வகைச் செடிகள் வெப்பமண்டல அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏராளம். மலாயாவில் காடு திறக்கப்பட்டபோது அந்த இடத்தை நிரப்ப உள்ளூரில் போதிய போட்டியாளர்கள் இல்லை. வந்தவை பரவின.

முதலில் பரவியது அயல்நாட்டுச் செடி அன்று. 1840-களில் ஜோகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் சிங்கப்பூரிலிருந்து சீனப் பயிரிடுவோரை ஜோகூரின் ஆற்றங்கரைகளுக்கு அழைத்தார். ஓர் ஆற்றையும் அதன் கரைநிலத்தையும் ஒரு தலைவரின் பொறுப்பில் விடும் கங்சூ முறையின்கீழ் மிளகும் கம்பீரும் பயிராயின. கம்பீர் ஒரு கொடிச்செடி. அதன் இலைகளைக் கொதிக்கவைத்து இறுக்கி எடுக்கும் சாறு தோல் பதனிடவும் சாயத் தொழிலுக்கும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. இலையைக் கொதிக்கவைக்க நாள்தோறும் விறகு வேண்டும். தோட்டத்துக்காக அழிந்த காடு ஒரு பங்கு என்றால், அதன் அடுப்புக்காக அழிந்த காடு இன்னொரு பங்கு. 15, 20 ஆண்டுகளில் மண்ணின் சத்தும் தீர்ந்தது, பக்கத்தில் விறகும் தீர்ந்தது. பயிரிட்டவர்கள் அடுத்த ஆற்றுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தை லாலாங் புல் மூடியது. கங்சூ முறை 1917-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தபோது, தென் ஜோகூரின் பல பகுதிகளில் எஞ்சியிருந்தது லாலாங் காடும் வெளிறிய மண்ணும்தான்.

தோட்டத் தமிழர்கள் எல்லோரும் அறிந்த இந்த லாலாங்கின் அறிவியல் பெயர் இம்பெராடா சிலிண்டிரிகா. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சொந்தமான புல் அது. வேற்றுக் கண்டத்திலிருந்து வந்தால்தான் ஒரு செடி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று. அதன் பலம் மண்ணுக்கடியில் உள்ளது. வெண்மையான, ஊசிமுனை கொண்ட வேர்த்தண்டுகள் மேல்மண்ணில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கணு அறுந்து தனியே விழுந்தாலும் அது புதுச் செடியாகும். மேலே உள்ள இலை காய்ந்தால் எளிதில் தீப்பற்றும். தீ மேற்பரப்பை மட்டும் எரித்துவிட்டுப் போக, அடியிலுள்ள தண்டுகள் சேதமின்றிப் பிழைத்து, சில நாள்களில் பச்சைக் குருத்து விடும். பக்கத்தில் முளைத்திருந்த மரக்கன்றுகளோ அந்தத் தீயில் மாண்டுபோயிருக்கும். இப்படி ஒவ்வொரு தீயும் லாலாங்குக்குச் சாதகமாக முடிகிறது. பஞ்சு போன்ற விதைகள் காற்றில் நெடுந்தூரம் பறந்து, அடுத்த வெற்றிடத்தில் இறங்குகின்றன.

மேய்ச்சலுக்கு அது நல்ல புல் அன்று. தீக்குப் பின் வரும் இளங்குருத்தை மாடு சில வாரங்கள் மேயும். பிறகு இலை முற்றி, ஓரம் கத்திபோல் கூர்மையாகி, புரதம் குறைந்து, மணற்சத்து கூடிவிடும். அதனால் இளங்குருத்துக்காக மேய்ப்பவர் மீண்டும் தீ வைக்கிறார். நிலம் மீண்டும் லாலாங்குக்கே போகிறது. தென்கிழக்காசியா முழுவதும் பல இலட்சம் ஹெக்டேர் இந்த வட்டத்தில் சிக்கியது. இந்தப் புல்லுக்கு ஒரே பெரிய பலவீனம் நிழல். மேலே கூரை மூடினால் அது நலிந்து, சில ஆண்டுகளில் மறைந்துவிடும். ஜோகூரில் பின்னர் செய்யப்பட்ட முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு குணமே தீர்மானித்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் சிகாமாட், குளுவாங், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டங்களில் பால்மரம் சீவினார்கள். மண்வெட்டியால் லாலாங் வேரைத் தோண்டி எடுத்தார்கள். மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது அன்றைய துரைமார்களின் விதி. சுத்தமாக வழிக்கப்பட்ட மேட்டுநிலத்தில் ஜோகூரின் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனது. களையை அழித்தால் போதும் என்ற எண்ணத்தின் முதல் பெருந்தோல்வி அது. பிறகுதான் மண்ணை மூடிவைக்கும் அவரைக்குடும்பக் கொடிகளான பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகியவை விதைக்கப்பட்டன. அவை காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுத்தன. அடர்ந்து படர்ந்து லாலாங்குக்கு நிழல் போட்டன.

ஆனால் மூடுபயிர் என்ற பெயரிலேயே இன்னொரு தொல்லையும் உள்ளே நுழைந்தது. அமெரிக்க வெப்பமண்டலக் கொடியான மிகானியா மைக்ரான்தா 1949-இல் பராகுவேயிலிருந்து இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பின்னர் ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராகப் பரப்பப்பட்டது. நல்ல வெயிலும் ஈரமும் கிடைத்தால் ஒரு நாளில் 8 சென்டிமீட்டர் வரை நீளக்கூடிய கொடி அது. தண்டு எங்கே மண்ணைத் தொட்டாலும் அந்தக் கணுவில் வேர் விடும். இளமரங்களின்மேல் ஏறி மூடி ஒளியை மறிக்கும். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1960-களில் வெளியிட்ட சோதனை முடிவுகளில், அவரைக்குடும்ப மூடுபயிர்களோடு வளர்ந்த ரப்பர் நன்கு பருத்தது. மிகானியாவோடு வளர்ந்த ரப்பர் பின்தங்கியது. அதற்குள் கொடி தோட்ட எல்லைகளைத் தாண்டிவிட்டது. இன்று ஜோகூரில் சாலையோரத்திலும் காட்டு விளிம்பிலும் செம்பனையின் அடியிலும் அது இல்லாத இடத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

தோண்டுவதற்குப் பதிலாகக் களைக்கொல்லி மருந்து வந்த வரலாற்றை இங்கே ஒதுக்கிவிட முடியாது. அதைச் சுமந்தவை மனித உடல்கள். லாலாங்கைக் கொல்ல மலாயாத் தோட்டங்களில் நெடுங்காலம் அடிக்கப்பட்டது சோடியம் ஆர்சனைட் என்னும் ஆர்சனிக் நஞ்சு. அது படிந்த புல்லை மேய்ந்த கால்நடை பிழைப்பது அரிது. 1960-களில் அதன் இடத்தைப் பாராகுவாட் பிடித்தது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள், அவர்களில் மிகப்பலர் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்று விழுதல், மூக்கில் இரத்தம் வடிதல், கண் எரிச்சல், தோல் புண் ஆகியவை அவர்களிடம் பதிவாயின. மலேசியா பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. இந்தத் தடை மிகத் தாமதமாக வந்தது.

மருந்தின் மீதான நம்பிக்கையைக் களைகளும் தகர்த்தன. கேழ்வரகின் காட்டு உறவான எலூசின் இண்டிகா என்னும் புல், கிளைபோசேட் மருந்தைத் தாங்கி நிற்பது மலேசியாவில் 1997-இல் கண்டறியப்பட்டது. உலகிலேயே அந்த மருந்தை எதிர்த்து நின்ற முதல் சில களைகளில் அதுவும் ஒன்று. ஒரே மருந்தை ஆண்டுக்குப் பல முறை ஒரே நிலத்தில் அடித்தால், தற்செயலாகத் தாங்கும் திறன் பெற்ற ஓரிரு செடிகள் மட்டும் தப்பிப்பிழைத்து விதைபோடும். சில தலைமுறைகளில் நிலம் முழுவதும் அவற்றின் சந்ததி நிற்கும்.

இன்றைய ஜோகூரில் மாடு மேயும் இடம் பெரும்பாலும் செம்பனைத் தோட்டம். தோட்டத்து லயங்களின் பின்னால் மாடு வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பழக்கத்துக்கு முன்னோடிகள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த கறவை மாடுகளின் வழித்தோன்றல்கள் மலேசியக் கால்நடைத் துறையின் ஏடுகளில் 'உள்ளூர் இந்தியக் கறவை' என்று தனி இனமாகவே பதிவாகியுள்ளன. உருவத்தில் சிறிய கெடா-கிளந்தான் மாடும், பிராமன் கலப்புகளும் இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன. செம்பனைக்கும் மாட்டுக்குமான இந்தக் கூட்டு மலேசிய செம்பனை வாரியத்தின் ஊக்குவிப்பில் விரிவடைந்தது. மின்வேலியால் நிலத்தைப் பிரித்து, ஒரு துண்டில் மேய்ந்து முடிந்ததும் அடுத்த துண்டுக்கு மாட்டை நகர்த்தி, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகு முதல் துண்டுக்குத் திரும்புவது பரவலான முறை. மரத்துக்கு ஏறத்தாழ ஐந்து வயதாகி, மட்டைகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகே மாடு உள்ளே விடப்படுகிறது. ஒரு மாட்டுக்கு நான்கு ஹெக்டேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மரத்தின் கூரை மூட மூடக் கீழே தீவனம் குறைந்துகொண்டே போவதால்தான் கணக்கு இவ்வளவு தாராளமாக இருக்கிறது.

மாடு களையைத் தின்றால் மருந்துச் செலவு குறையும் என்பது இந்தக் கூட்டின் கவர்ச்சி. அது உண்மையும்கூட. ஆப்பிரிக்க வழி வந்த அசிஸ்டாசியா என்னும் வெள்ளைப்பூச் செடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தோட்டக்காரருக்கு அது பெருங்களை. காய் வெடித்து விதையைத் தொலைவில் தெறிக்கும். நிழலையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஆடும் மாடும் அதை விரும்பித் தின்னும்; புரதமும் மிகுதி. முறையாக மேய்த்த இடத்தில் அது தானாகவே அடங்குகிறது. அதன் இடத்தில் ஒட்டோக்ளோவா நோடோசா போன்ற, நிழல் தாங்கும் உள்ளூர்ப் புற்கள் மேலோங்குவது உண்டு. மண்ணை மூடி, மாட்டுக்கும் ஆகி, மரத்துக்கும் தொல்லை தராத இத்தகைய புல்தான் செம்பனை நிழலில் நிர்வாகி வளர்க்க வேண்டிய செடி.

மேய்ச்சலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மாடு நல்லதைத் தின்று, வேண்டாததை விட்டுவைக்கிறது. எண்ணிக்கை கூடினாலும், ஒரே துண்டில் அதிக நாள் நின்றாலும், தின்னத்தக்க செடிகள் மொட்டையாகிப் போகும். தின்னத்தகாதவை விதைபோட்டுப் பெருகும். மலாய்க்காரர்கள் 'போக்கோ காப்பால் தெர்பாங்' என்று அழைக்கும் குரோமொலேனா ஒடொராடா, உண்ணிச்செடி, தொட்டாச்சிணுங்கியின் முள்ளடர்ந்த பெரிய உறவான மைமோசா பிக்ரா, உள்ளூர்ப் புதரான செண்டுடோக் எல்லாம் இப்படித்தான் மேய்ச்சல் நிலத்தில் தீவுதீவாக எழுகின்றன. குரோமொலேனாவின் இளம் இலையில் நைட்ரேட் அளவு மிக அதிகம். பசியில் தின்ற மாடு நஞ்சேறி இறக்கக்கூடும். உண்ணிச்செடி ஈரலைத் தாக்கும். ஈர நிலத்தில் குளம்புகள் மிதித்து மண் இறுகினால் மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடும், வெறுந்தரை தெரியும், அங்கே மீண்டும் களையே முளைக்கும்.

தீவனத்துக்காக விதைக்கப்படும் புற்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. கினிப்புல், நேப்பியர், சிக்னல் புல் எனப்படும் பிராக்கியாரியா டெகும்பென்ஸ், செட்டாரியா ஆகிய எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. இவை இல்லாமல் ஜோகூரில் கால்நடைத் தொழிலே நடக்காது. அதே நேரத்தில் கினிப்புல் வேலிக்கு வெளியே தானாகப் பரவி, காய்ந்த காலத்தில் தீக்கு இரையாகிறது. சிக்னல் புல்லில் உள்ள சபோனின்கள் செம்மறியாட்டின் ஈரலைக் கெடுத்து, மஞ்சள்காமாலையையும் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் நோயையும் உண்டாக்குவதை மலேசியக் கால்நடை மருத்துவர்கள் 1980-களிலேயே பதிவுசெய்தார்கள். எனவே அயல் செடி அனைத்தையும் ஒழிப்பது என்பது ஜோகூரில் பொருளற்ற இலக்கு. எந்தச் செடி, எந்த இடத்தில், எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதே நிர்வாகம் விடையளிக்க வேண்டிய வினா.

வராமல் தடுப்பதைவிட மலிவான வழி வேறில்லை. பார்த்தீனியம் அதற்கான அண்மைய எச்சரிக்கை. இந்தியாவில் 1950-களில் புனேயில் கவனிக்கப்பட்டு நாடு முழுவதும் பரவிய இந்தச் செடி, மலேசியாவில் 2013-இல் சிலாங்கூரில் முதன்முதலாக உறுதிப்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தீபகற்பத்தின் பல மாநிலங்களில் தென்பட்டது. தோல் ஒவ்வாமை, ஆஸ்துமா, மேய்ந்த பசுவின் பாலில் கசப்பு என்று அது தரும் துன்பம் தமிழ்நாட்டு உழவருக்குப் பழக்கமானதே. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைத் தரும். அந்த விதைகள் வைக்கோலிலும் மணல் லாரியிலும் புல்வெட்டும் எந்திரத்திலும் மாட்டின் குளம்பிலும் பயணம் செய்கின்றன. களை உள்ள நிலத்திலிருந்து கொண்டுவரும் மாட்டைச் சில நாள் கொட்டிலில் கட்டிவைத்து, வயிற்றில் உள்ள விதை சாணத்தில் வெளியேறிய பிறகே மேய்ச்சலுக்கு விடுவது எளிய தடுப்பு. ஜோகூரின் தோட்டங்களில் இதைக் கடைப்பிடிக்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

பூச்சியைக் கொண்டு களையை அடக்கும் உயிரியல் முறையில் மலேசியாவுக்கு உலகம் பாராட்டும் வெற்றி ஒன்று உண்டு. கரீபியத்திலிருந்து வந்து மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் பிடித்திருந்த கோர்டியா குராசாவிகா என்னும் புதரை ஒழிக்க, 1977-இல் டிரினிடாடிலிருந்து ஓர் இலைவண்டும் விதையைத் துளைக்கும் ஒரு குளவியும் வரவழைக்கப்பட்டன. வண்டு இலைகளை மொட்டையடித்தது. தப்பிய கிளையில் காய்த்த விதையைக் குளவி அழித்தது. சில ஆண்டுகளில் கோர்டியா தொல்லை தரும் களை என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. மொரிசியஸில் 1940-களின் இறுதியில் கண்ட வெற்றியின் தொடர்ச்சி இது. குரோமொலேனாவுக்கு எதிராக இந்தோனேசியாவில் 1990-களில் விடப்பட்ட தண்டுமுடிச்சு ஈ நல்ல பயன் தந்தது. மிகானியாவைத் தாக்கும் துருப்பூஞ்சை இந்தியாவிலும் பசிபிக் தீவுகளிலும் விடப்பட்டது. இந்த முறையில் பொறுமையும் கடும் சோதனையும் தேவை. அயல் பூச்சி வேறு எந்தச் செடியையும் தொடாது என்று உறுதியான பிறகே அதை வெளியே விடலாம்.

பூச்சிக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பை கிளிடேமியா ஹிர்டா காட்டுகிறது. செண்டுடோக்கின் அமெரிக்க உறவான இந்த மயிரடர்ந்த புதரை அடக்க 1930-இல் ஃபிஜித் தீவுக்கு டிரினிடாடிலிருந்து ஒரு நுண்பூச்சி கொண்டுவரப்பட்டது. வெட்டவெளி மேய்ச்சல் நிலத்தில் அது நன்றாக வேலைசெய்தது. மரநிழலில் செய்யவில்லை. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் கிளிடேமியா நிற்பது நிழலில்தான். நிழல் எல்லாக் களைக்கும் மருந்து என்ற விதி இங்கே உடைகிறது. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் நடந்த ஆய்வுகள், மரம் விழுந்த இடைவெளிகளிலும் காட்டுப்பன்றி கிளறிய இடங்களிலும் கிளிடேமியா காலூன்றுவதைக் காட்டின. பன்றிகள் பெருகக் காரணம், காட்டைச் சூழ்ந்துள்ள செம்பனைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் உதிரும் பழம். தோட்டத்தில் உண்டு கொழுத்த பன்றி காட்டுக்குள் மண்ணைக் கிளறுகிறது; கிளறிய மண்ணில் அயல் புதர் முளைக்கிறது; அதன் கனியைப் பறவையும் பன்றியும் தின்று இன்னும் உள்ளே கொண்டுபோகின்றன. தோட்டத்தின் எல்லையில் நிற்கும் ஜோகூரின் காடுகள் அனைத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

களையை அகற்றுவது பாதி வேலை. அந்த இடத்தில் எது வர வேண்டும் என்பது மறுபாதி, அதுவே கடினமானது. இதற்கு ஜோகூரின் தெற்குக் கரையும் சிங்கப்பூரும் ஒரு நீண்ட, யாரும் திட்டமிடாத சோதனைக்களமாக அமைந்துவிட்டன. மிளகும் கம்பீரும் கைவிடப்பட்ட சத்தற்ற நிலங்களில் லாலாங்குக்குப் பின் அடினான்ட்ரா டூமோசா என்னும் சிறுமரத்தைத் தலைமையாகக் கொண்ட ஒரு தாழ்ந்த காடு எழுந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஆர். இ. ஹோல்ட்டம் 1954-இல் அதை 'அடினான்ட்ரா பெலுக்கார்' என்று விவரித்தார். அதில் கெமுந்திங், செண்டுடோக், சிம்போ ஆயெர், ரெசாம் பெரணி என்று கைவிட்டு எண்ணத்தக்க சில இனங்களே உண்டு. மண் அமிலத்தன்மை மிக்கது; பாஸ்பரசும் நைட்ரஜனும் அரிது. இந்த வறுமையே ஒரு வகையில் காவலாக இருந்தது: சத்துள்ள மண்ணைத் தேடும் அயல் களைகள் அங்கே அதிகம் நுழையவில்லை. ஆனால் பல பதிற்றாண்டுகள் கடந்தும் அங்கே மெராந்தியோ காப்பூரோ தானாக வந்து சேரவில்லை.

காரணம் விதையில் இருக்கிறது. டிப்டெரோகார்ப் மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒன்றாகப் பூத்துக் காய்க்கும். விதைக்கு உறக்கம் கிடையாது. விழுந்த சில நாள்களில் முளைக்கும், அல்லது கெடும். மண்ணில் காத்திருக்கும் விதையிருப்பு இந்த மரங்களுக்கு இல்லை. இறக்கை முளைத்த கனி என்றாலும் தாய்மரத்திலிருந்து பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்ளேயே விழும். பக்கத்தில் தாய்மரம் இல்லாத நிலத்துக்கு இவை வர வேண்டுமானால், காட்டில் முளைத்த கன்றுகளை எடுத்து நாற்றங்காலில் தேற்றி மனிதன் கொண்டுவந்து நட வேண்டும். அதையும் வெட்டவெளியில் நட்டால் வெயிலில் கருகும். முதலில் நிழல் வேண்டும்.

அந்த நிழலை உண்டாக்க மகாங், மெங்கிராய், லெபான் போன்ற உள்ளூர் முன்னோடி மரங்கள் இருக்கின்றன. வௌவாலும் பறவையும் இவற்றின் விதையைக் கொண்டுவந்து லாலாங்குக்குள் போட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் புல்லுக்கடியில் சிறு கன்றுகள் மூச்சுத்திணறி நிற்பது தெரியும். பிலிப்பீன்ஸில் வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு முறை இந்தக் கன்றுகளையே நம்புகிறது. லாலாங்கை வெட்டுவதில்லை, வெட்டினால் வேர்த்தண்டு உடனே புதுக் குருத்து விடும். கயிறு கட்டிய ஒரு பலகையைக் காலால் மிதித்துப் புல்லை மடித்துப் படுக்கவைக்கிறார்கள். படுத்த தாளில் உயிர் இருப்பதால் வேர் புதிதாகத் துளிர்க்க அவசரப்படுவதில்லை. மேலே கிடக்கும் தாள் கீழே இருப்பதற்கு நிழலாகிறது. தீயும் வேகமாகப் பரவுவதில்லை. கன்றைச் சுற்றி ஒரு வட்டம் சுத்தம்செய்து, நிலத்தைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை போட்டுவிட்டால், சில ஆண்டுகளில் முன்னோடி மரங்களின் கூரை மூடிக்கொள்கிறது. அதன் அடியில் லாலாங் மெலிகிறது. அப்போது மெராந்திக் கன்றை நடலாம்.

நிழல் வேண்டும் என்பதற்காக வேகமாக வளரும் அயல் மரத்தை நட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஜோகூரில் விடை உண்டு. 1982-இல் தொடங்கிய காட்டு மரத்தோட்டத் திட்டத்தில் உலு செடிலி வட்டாரம் உட்படத் தீபகற்பத்தின் பல இடங்களில் ஆஸ்திரேலிய-நியூகினி மரமான அக்கேசியா மாஞ்சியம் நடப்பட்டது. லாலாங்கை அது வென்றது உண்மை. ஆனால் மரத்தின் நடுத்தண்டு அழுகும் நோயால் 1992-இல் புது நடவு நிறுத்தப்பட்டது. அதன் கெட்டியான விதையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, தீ பட்டதும் கும்பலாக முளைக்கும். ஒரு தீப்புல்லின் இடத்தில் ஒரு தீமரத்தை வைத்ததுபோல் சில இடங்களில் முடிந்தது.

உள்ளூர் மரங்களைக் கொண்டே அழிந்த நிலத்தை மீட்க முடியும் என்பதற்குச் சிலாங்கூரின் கெப்போங் சான்று. 1920-களில் வனத்துறை அங்கே நிலத்தைத் தேர்ந்தெடுத்தபோது இருந்தது வெள்ளீயச் சுரங்கக் குழிகளும் காய்கறிப் பாத்திகளும் லாலாங்கும் புதரும்தான். அங்கே டிப்டெரோகார்ப் மரங்களைப் படிப்படியாக நட்டு, 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு உருவாக்கப்பட்டது. இன்றைய மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் நிற்பது அந்தக் காட்டுக்குள். 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த மீட்புக்கு எடுத்த காலம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள்.

இந்தப் பாடத்தை அப்படியே தமிழ்நாட்டுக்கு எடுத்துச்செல்லக் கூடாது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் இருப்பது சோலைக்காடும் அதைச் சூழ்ந்த இயற்கைப் புல்வெளியும். அங்கே புல்தான் பூர்வகுடி. வாட்டில், பைன், தைலமரம் ஆகியவை ஆக்கிரமிப்பாளர்கள். பழனி மலையில் 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. குஜராத்தின் பன்னி மேய்ச்சல் வெளியில் சீமைக்கருவேலம் செய்ததும் இதுவே. ஜோகூரில் நிழல் மீட்கிறது; நீலகிரியில் நிழல் அழிக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கை அயல் மரங்களை அகற்றுவதோடு நிற்காமல் இயற்கைத் தாவரங்களை மீட்பதையும் சேர்த்தே பேசுவது சரியான அணுகுமுறை. எங்கே எது இருந்தது என்று தெரியாமல் மரம் நடுவது எந்த நாட்டிலும் தீங்காக முடியலாம்.

ஜோகூரின் செம்பனைத் தோட்டங்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவுக்கு வருகின்றன. பழைய மரங்கள் சாய்க்கப்படும் அந்த ஆண்டில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மீண்டும் வெயிலுக்குத் திறக்கும். மிகானியாவும் லாலாங்கும் அசிஸ்டாசியாவும் அப்போதுதான் பாய்கின்றன. இந்தியாவிலிருந்து 1990-களில் கொண்டுவரப்பட்ட மியுகுனா பிராக்டியேட்டா என்னும் வீரியமான அவரைக்கொடியை மறுநடவில் பலரும் பயன்படுத்துகிறார்கள். களையை அது அடக்குகிறது. இளமரத்தின்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாடு அதை விரும்புவதில்லை. முழுத் தோட்டத்தையும் காடாக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் ஆற்றோரம் அப்படியல்ல. மலேசியாவின் நீர்ப்பாசன, வடிகால் துறையின் வழிகாட்டி, ஆற்றின் அகலத்தைப் பொறுத்து இரு கரையிலும் 5 முதல் 50 மீட்டர் வரை ஒதுக்க வேண்டும் என்கிறது. இந்தப் பட்டைகளில் மருந்து அடிப்பதை நிறுத்தி, மாட்டை வேலியால் விலக்கி, மகாங்கும் லெபானும் எழ விட்டு, பிறகு மெராந்தி, காப்பூர்க் கன்றுகளை நட்டால், எண்டாவ்-ரொம்பின் போன்ற எஞ்சிய காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே விதையும் பறவையும் நடமாட வழி பிறக்கும். அடுத்த மறுநடவுக்கு நாள் குறிக்கும் தோட்ட நிர்வாகங்கள் ஆற்றங்கரைப் பட்டையை அளந்து ஒதுக்கும் வேலையை, மரம் சாய்க்கும் எந்திரம் உள்ளே வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.